பலகையில் ஒரு காலியிடம்

மகாராணிக்கு,

சாதம் மூடி வைத்திருக்கிறேன். உப்புப் போட மறந்துவிட்டேன். "நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்" என்று முந்தாநாள் நீ திட்டியதில் பாதி நியாயம்தான்.

பள்ளியில் ஓர் இடம் காலியானால் பதினைந்து நாள் பலகையில் அறிவிப்பு தொங்கவேண்டும். அதை ஒட்டுவது எழுத்தராகிய அடியேன். நேற்று நான் ஒட்டாத ஒன்று தொங்கியது: 'எழுத்தர், காலியிடம் ஒன்று.' கீழே என் கையெழுத்து.

"உங்க நாற்காலிக்கு நீங்களே ஆள் தேடுறீங்களா சார்?" என்று காவலாளி சிரித்தார். கிழித்துப் போட்டுவிட்டு நானும் சிரித்தேன்.

பி.கு.: கிளம்பும்போதுதான் பார்த்தேன். நம் சமையலறைக் கதவில் ஒன்று தொங்குகிறது: 'கணவர், காலியிடம் ஒன்று.' அதே கையெழுத்து. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரவேண்டும் என்பது விதி. கோபம் அப்படியே இருக்கட்டும், தாயே, முதலில் எழுதிவிடு.