நாலுக்குப் பிறகு டாலி

மச்சாள், இதை ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். வாசித்தும் காட்டவேண்டாம். உங்களுக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது. இப்போது இருக்கிற இடத்திலிருந்து வாசித்தாலும் லிங்கநகர் முழுக்கக் கேட்கும். முக்கியமாக, அடுத்த அறையில் படுத்திருக்கிற அப்பாவுக்குக் கேட்கும்.

நீங்கள் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து தந்த வெறும் தேயிலைப் பெட்டிதான் இன்னும் என் மேசை. விளக்குச் சூட்டில் பலகை மணக்கிறது. மணம் வந்ததும் உங்கள் சத்தமும் கூடவே வந்துவிட்டது.

நிலாவெளியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஓர்ஸ் ஹில்லில் அந்தக் கப்பல் கம்பனியின் கந்தோரில் கடைசிக் கிளாக்காகச் சேர்ந்தீர்கள். கடிதங்களுக்கு முத்திரை ஒட்டுகிற வேலை. ஒருநாள் துறையில் பெட்டி எண்ணுகிறவர் வரவில்லை என்று உங்களை அனுப்பினார்கள். கரையில் நிற்கிறவரும் கப்பலில் நிற்கிறவரும் சேர்ந்து கூவி எண்ணவேண்டும். ஐந்துக்குப் பதில் ‘டாலி’ என்று சொல்லி, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுக்கவேண்டும். குரல்கள் பிசகினால் ஏற்றியதை எல்லாம் இறக்கி, மறுபடி முதலிலிருந்து.

அன்று நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கப்பலின் சங்கு ஊதியது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் நிறுத்தவில்லை.

“மூண்டு, நாலு, டாலீ!”

கப்பலில் நின்றவர் கேட்டதென்று கையைத் தூக்கிக் காட்டினார். பாரந்தூக்கி ஓட்டுகிற கிண்ணியா நானா தலையில் கை வைத்தார்.

“பிள்ளை, நீங்க நிண்டா கப்பலுக்குச் சங்கு என்னத்துக்கு? கழட்டி வித்துப்போடச் சொல்லுங்க!”

“வித்துப்போட்டு எனக்கொரு குடை வாங்கித் தாங்க நானா!”

அதன்பிறகு உங்களை முத்திரை ஒட்ட விடவேயில்லை. “கம்பனிப் பெரிய துரையும் இங்க பெட்டி எண்ணித்தான் தொடங்கினவர். ஒருநாளைக்கு அவற்ற கதிரையில நான் இருப்பன், பார்,” என்றீர்கள். வீட்டில் இடியப்பம் வைத்தாலும் நாலுக்குப் பிறகு டாலிதான். “இது குசினியா, துறைமுகமா?” என்று சிரித்துக்கொண்டே அப்பா டாலியையும் சாப்பிட்டுவிடுவார். நானும் வகுப்பில் ஐந்துக்கு டாலி என்று வாய்தவறிச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டுந்தான் கேட்டது. அது போதுமே, இன்றுவரைக்கும் என் பட்டம் அதுதான்.

எனக்குத்தான் குரலே இல்லையே. டீச்சர் பெயர் கூப்பிட்டால் என் பதில் அவருக்குக் கேட்பதில்லை. வாங்கில் இருந்துகொண்டே வராதவள் ஆகிவிடுவேன். அழுதுகொண்டு வந்த ஒருநாள் சொன்னீர்கள்: “தொண்டையை விடடி. அங்கால, கப்பல்ல நிக்கிற ஆளை நினை. அவருக்குக் கேக்கவேணும் எண்டு நினைச்சா சத்தம் தானா வரும்.”

போன மாரியில் துறையில் நனைந்துவந்த காய்ச்சல் உங்களை விடவில்லை. “அந்தத் துறை ஒருத்தியைக் கொண்டுபோனது காணும், இனி ஒருத்தரும் அங்க போகவேண்டாம்,” என்று அப்பா இப்போது கடற்கரைப் பக்கமே போவதில்லை. ஆனால் நேற்றுச் சந்தையில் கிண்ணியா நானா என்னைக் கண்டார்.

“உங்கட மச்சாள்ட இடம் இன்னும் காலிதான். நாளண்டைக்கு ஆள் எடுக்கிறாங்க. கரையில நிண்டு கூப்பிட்டாக் கப்பல்ல கேக்கவேணும், அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்!

அவர் சொன்ன நாள் நாளைதான். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடேயே போகப்போகிறேன். அந்த வேலை எனக்கு வேண்டும், மச்சாள். அந்தக் கதிரையும் வேண்டும். ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அது அப்பாவுக்கா, கப்பலுக்கா என்று தெரியவில்லை.

அங்கால நிற்கிற ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள்தான். உங்களைவிட அங்கால இனி யார் நிற்கப்போகிறார்கள்? ஒரேயொரு தடவை, மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐயோ, மச்சாள்! மெதுவாக வரவில்லை. அடுத்த வீட்டு வளவு நாய்களெல்லாம் எழும்பிவிட்டன.

கதவைத் தட்டும் சத்தம்.

“ஆர் பிள்ளை உள்ளுக்கு டாலி போடுறது?”

அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது.