சால்வையை மடித்துப் பெயரைச் சொல்

இன்று காலை பெருமாள்மலைப் பயிற்சிக் கூடத்தில் பையைத் திறந்ததும் தைல வாசம் முகத்தில் அடித்தது. கூடவே பூண்டு வாசம். எத்தனை தடவை துவைத்தாலும் இந்தப் பழுப்புச் சால்வையை விட்டு இரண்டும் போக மாட்டேன் என்கின்றன. பூம்பாறைக்காரி நீ போர்த்திய சால்வையில் பூண்டு மணக்காமல் வேறு என்ன மணக்கும்? எதிரே புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமூகப் பணியாளர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாம்பத்தியத்தில் இருக்கும் சிரமங்களைப் பற்றி நோயாளிகளிடமும் தம்பதிகளிடமும் எப்படிப் பேசுவது என்று பழக வந்தவர்கள். இப்போதைக்கு என் முகத்தைப் பார்க்கவே கூசினார்கள். சால்வையை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. அதனால்தான் சாப்பாட்டு இடைவேளையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் நடத்திய முதல் பயிற்சி நினைவிருக்கிறதா? கொடைக்கானலில், தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தில். பயிற்சி நடத்த வெளியூரிலிருந்து வர வேண்டியவர்கள் வரவில்லை. தடித்த ஃபைல் ஒன்றை நம் கையில் கொடுத்து, நீங்கள் இருவருமே நடத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். படுக்கையறை பற்றி அதில் இருந்த வார்த்தைகளை எல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அப்பா மலையேறி வந்து அடிப்பார் என்ற பயம் அப்போதும் எனக்கு இருந்தது. ஃபைலைப் பார்த்து, 'இனிய இல்லற உறவில் மனநிறைவு' என்று கரும்பலகையில் அழகாக எழுதினேன். நீ பின்னால் வந்து நின்று காதோரம் கேட்டாய்: "ஏண்டி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?"

அன்று யாரை நடிக்கச் சொன்னாலும் சிரிப்புதான். ஒருவர் பணியாளராகவும் ஒருவர் உதவி கேட்டு வரும் கிளையன்டாகவும் உட்கார வேண்டும். பணியாளர் வாயைத் திறப்பதற்குள் கிளையன்ட் சிரித்துவிடுவார். பெரும்பாறைக் காப்பித் தோட்டங்களில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர்தான் ரொம்பவும் சிரித்தார். நீ உன் சால்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டாய்.

"இந்தாங்க, போத்திக்கங்க. இதப் போத்திட்டா நீங்க வேற ஆளு."

அவர் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "சுகர் வந்ததுல இருந்து முடிய மாட்டேங்குதுங்க. வீட்டுல கேட்டுருவாகளோன்னு வெள்ளனே எந்திரிச்சுத் தோட்டத்துக்கு ஓடிர்றேன்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அது அவர் கதையா, அவருக்குத் தெரிந்தவர் கதையா என்று நாம் கடைசிவரை கேட்கவில்லை. அவர் எழுந்தபோது நீ அந்த இடத்திலேயே ஒரு விதி போட்டாய். நடித்து முடித்தவர் சால்வையை மடிக்க வேண்டும், தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், பிறகு டீ குடிக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "இல்லாட்டி அடுத்தவங்க கஷ்டத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்றாய். உன் சால்வை அன்றோடு பயிற்சிச் சொத்தாகிவிட்டது. மழைக்காலம் முழுக்க நீ நடுங்கிக்கொண்டு திரிந்தாய். நான் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கித் தந்தேன்.

ஃபைலில் இருந்த கேள்விகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு நீ ஒரே ஒரு கேள்வியைச் செய்து வைத்திருந்தாய். "வீட்டுக்காரரோட சேந்து இருக்குறதுல ஏதாவது சிரமம் இருக்குங்களா? சொல்லணும்னு தோணுனாச் சொல்லுங்க, வேண்டாம்னா விட்டுருவோம்." அதன் பின்பாதிதான் முக்கியம் என்பாய். கதவைத் தட்டுவது மட்டும்தான் நம் வேலை. திறப்பதும் திறக்காததும் அவர்கள் இஷ்டம். இன்றைக்கும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முன்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு பின்பாதியை விழுங்கிவிடுகிறார்கள். நான் கத்துகிறேன். நீ இருந்தால் கத்தாமலே புரிய வைத்திருப்பாய்.

இத்தனையும் பேசுகிறவள், கட்டின புருஷன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாய். பேங்கில், ரேஷன் கடையில், எங்கே கேட்டாலும் முழங்கையால் என்னை இடிப்பாய். நான்தான் சொல்ல வேண்டும். "ஒடம்புல இருக்குற எல்லாத்துக்கும் பேரு சொல்ற. அவரு பேரு மட்டும் வாயில வராதோ?" என்று எத்தனை நாள் உன் உயிரை வாங்கியிருப்பேன்!

"அது வேற, இது வேறடி. எங்க வீட்டுல சொல்லிப் பழக்கமில்ல" என்பாய். முகம் சிவந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே மறுபடியும் கேட்பேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்றும் அப்படித்தான். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். கவுண்டரில் கணவர் பெயரைக் கேட்டபோது, அவ்வளவு வலியிலும் என்னை இடித்தாய். நான் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைக்கிறது என்பார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து நீ ஊர் திரும்பிய பிறகு, ஒரு பகலில் பயிற்சிப் பையோடு பூம்பாறைக்கு பஸ் ஏறி வந்தேன். அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கீழே பூண்டு வயலுக்கு இறங்கிப் போனார். நான் சாப்பாடு, தூக்கம், மாத்திரை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். நீ சலித்துப் போனாய்.

"பையில ஷால் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். போர்த்திக்கொண்டாய். "ம், ஆரம்பி. நான் கிளையன்ட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காத. ஒர்க்கர் சிரிக்கக் கூடாது" என்றாய். உன் கண்ணைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக உன்னை 'ங்க' போட்டுப் பேசி, உன்னுடைய கேள்வியை உன்னிடமே கேட்டேன். பின்பாதியையும் விடவில்லை.

நீ சால்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாய். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து அவுக வெளி ரூம்புல படுக்குறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பக்கத்துல படுத்துக் கையப் பிடிச்சுக்கிட்டாப் போதும். என்னயப் பாத்து அருவருப்பாயிருச்சோன்னு பயமா இருக்கு. கேக்க வாய் வரலங்க. ஊரு பூராம் கேட்டவதான் நான்."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. வெளிக்குப் போச்சா, பசிக்குதா என்று அத்தனையும் கேட்ட ஆஸ்பத்திரியில் இதை ஒருவர் கேட்கவில்லையே! ஆனால் பணியாளர் கோபப்படக் கூடாது. "அவரையும் கூப்பிட்டுப் பேசலாங்களா?" என்று கேட்டேன். நீ தலையாட்டினாய், சால்வையை மட்டும் இன்னும் இழுத்து மூடிக்கொண்டாய்.

நான் கூப்பிட்டதும் அவர் கால் கழுவிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார். நீ சொன்னதை ஒளிவு மறைவில்லாமல் அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சால்வைக்குள் இருந்த உன்னையேதான் பார்த்தார்.

"பத்திரமாப் பாத்துக்கங்கன்னு டாக்டரம்மா சொன்னாக. எம்புட்டு நாளைக்குன்னு சொல்லல. தூக்கத்துல என் கை பட்டு வலிச்சிருச்சுன்னா? அதான் தள்ளிப் படுத்தேன். கதவ மூடுனதே இல்லங்க. இது மூச்சு விடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு மூடும்."

நீ சால்வைக்குள்ளேயே அழுதாய். "எது செய்யலாம், எதுக்குப் பொறுக்கணும்னு அடுத்த செக்கப்புல ரெண்டு பேரும் சேந்து டாக்டரம்மாகிட்டக் கேளுங்க" என்றேன். "கையப் பிடிச்சுப் படுக்குறதுக்கு யாரையும் கேக்க வேண்டாங்க."

கிளம்பும்போது சால்வைக்குக் கை நீட்டினேன். "இன்னும் முடியல, போ" என்றாய். மலைக்குளிரில் விறைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் நின்றேன், ஆனால் மனசு லேசாக இருந்தது.

அதன்பின் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் உனக்குக் கிடைத்தன. செக்கப்பில் நீயே வாய்திறந்து கேட்டாயாம், டாக்டரும் பொறுமையாகச் சொன்னாராம். போனில் சொல்லும்போது உன் குரலில் பழைய குறும்பு இருந்தது. கட்டி திரும்பி வந்தபோதும் அந்தக் குரல் முழுதாகப் போய்விடவில்லை.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது கட்டிலில் இரண்டு தலையணைகள் இருந்தன. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து உன் பாதத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ மடியில் வைத்தே சால்வையை மெதுவாக மடித்து என்னிடம் நீட்டினாய். ஏதாவது பேச வேண்டுமே என்று, "பேரச் சொல்லணும்டி. ரூல்ஸ் நீ போட்டதுதான்" என்றேன்.

உன் பெயரைச் சொன்னாய். சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பி, அவர் பெயரையும் சொன்னாய். முழுப் பெயரை, திக்காமல்.

அவர் கை நின்றுவிட்டது. "இப்ப என்னத்துக்கு..." என்று முனகினார். சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாய் நீ. "முன்னமே சொல்லியிருக்கலாம்."

இடைவேளை முடிந்துவிட்டது. அங்கே ஒரு பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளுகிளுவென்று சிரிக்கிறாள். போய்ச் சத்தம் போட வேண்டும். நடித்து முடித்ததும் மடிக்கச் சொல்வேன், பெயர் சொல்லச் சொல்வேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் ஒருமுறை மடிப்பேன். உன் பெயரையும் அவர் பெயரையும், அன்று நீ சொன்னாயே அப்படியே, சேர்த்துச் சொல்வேன். பிறகுதான் டீ குடிப்பேன்.