தோற்ற ஊருக்குக் கட்டும் பாடை

1959 ஜூன் 3, புதன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பின்னால் வாசிக்கப் போகிறவனும் நான்தான் என்பதால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏர் பிடித்த கை. பென்சிலையும் மேழி மாதிரி அமுக்குகிறது. ‘ழ’ வளைவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்! முதியோர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, ஏற வேண்டாத பஸ்ஸின் பலகையையும் விடாமல் வாசிக்கிறேன்.

டீக்கடையில்தான் கோபம் வருகிறது. நான் பேப்பரைப் பிரித்தால் எங்கள் தெரு சங்கரபாண்டி தோளுக்குப் பின்னால் நின்று சத்தமாக வாசிக்கிறான். “ஏலே, நானே வாசிக்கேன்” என்றால், “நீரு முடிக்கதுக்குள்ள நாளைப் பேப்பர் வந்துரும் அண்ணாச்சி” என்கிறான். அடுத்தவன் பேப்பரை எட்டிப் பார்ப்பது என்ன மரியாதை?

ஜூன் 7, ஞாயிறு

தென்காசிப் பொட்டலில் வாலிபால். சாரல் விழுந்ததும் முன்னால் இருந்தவன் குடையை விரித்துவிட்டான். “மடக்கும்வே, வலை தெரியல” என்றேன். “காய்ச்சல் வந்தா நீரா கசாயம் வைப்பீரு?” என்றான். பின்னால் இருந்தவன் வெற்றிலையைத் துப்பியதில் என் வேட்டி போச்சு. ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வகுப்பு நடத்த வேண்டும்.

அடுத்த ஞாயிறு இலஞ்சியோடு ஆட்டம். என் மருமகன் இசக்கிப்பாண்டி இலஞ்சிக்கு ஆடுகிறார். சித்திரையில் பிள்ளை பிறந்து சில நாளில் போனதிலிருந்து பந்தையே தொடாதவர். ஆடச் சம்மதித்தார் என்று கேட்டதும் மனசு லேசாயிற்று. சாரல் சீசனுக்கு மகள் வள்ளித்தாயும் இங்கே வந்து தங்குவாள்.

ஜூன் 14

தென்காசி ஜெயித்தது. மேலே எழுதக் கை வரவில்லை.

எங்கள் ஊர் வாலிபர்களுக்கு ஒரு வழக்கம். தோற்ற ஊருக்குப் பாடை கட்டுவார்கள். மூங்கில், வைக்கோல் பொம்மை, சாவு மேளம். பொய்யாக மாரடித்தபடி போய்த் தோற்றவர்கள் முன்னால் இறக்குவார்கள். வருஷா வருஷம் பார்ப்பதுதான். மேளம் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யார் முன்னால் கொண்டுபோகிறார்கள் என்று — ஏன் நினைக்கவில்லை?

மருமகன் காலடியில் இறக்கினார்கள். “அழுலே, உங்க ஊரு செத்துப்போச்சு!” என்றான் சங்கரபாண்டி.

அவர் குனிந்து பொம்மையை எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்தி, தலையைத் தாங்கிப் பிடித்து, பொட்டலின் ஓரம்வரை நடந்துபோய் மெல்லக் கீழே வைத்தார். பச்சைப்பிள்ளைக்குப் பாடை கிடையாது. தகப்பன் கையில்தான் போகும். அன்றைக்கும் இப்படித்தான் கொண்டுபோயிருப்பார்.

மேளம் நின்றுவிட்டது. திரும்பும்போது என்னைப் பார்த்தார். தட்டிய என் கைகள் ஒன்றோடொன்று சேர்ந்தபடியே இருந்தன.

ஜூன் 15

சாப்பிடவில்லை.

ஜூலை 5

குற்றாலத்தில் நல்ல தண்ணீராம். வள்ளித்தாய் வரவில்லை.

ஜூலை 12

இலஞ்சிக்குப் போனேன். வாசலில் நின்ற மருமகன் “வாங்க” சொல்லவில்லை. பகையாளிக்கும் சொல்லுகிற வார்த்தை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மகள் தண்ணீர் கொடுத்தாள்.

“ஐயா, நீங்களும் தட்டுனியளா?”

“ஆமாத்தா. யோசிக்காம தட்டிட்டேன்.”

“தூக்கத்துலயும் ரெண்டு கையையும் ஏந்துனாப்புலயே வச்சிருக்காவ, ஐயா” என்றாள். அவளை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். வாவென்று கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஜூலை 19

சங்கரபாண்டியிடம் சொன்னேன், இனிப் பாடை வேண்டாம் என்று.

“தோத்தவனக் கேலி பண்ணலன்னா பிறகு எதுக்கு மேச்சு?”

“பண்ணுலே. சாவ வச்சுப் பண்ணாத.”

இன்று வடகரை தோற்றது. பாடை கட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். என்னோடு ஒருவரும் எழவில்லை.

ஜூலை 26

மறுபடியும் இலஞ்சி. நேரே வயலுக்குப் போனேன். மருமகன் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று சொல்லத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

“பிள்ளைய எங்கன வச்சிருக்கிய? நான் வந்து சேருததுக்குள்ள அடக்கம் முடிஞ்சுட்டு. நான் பாக்கலய.”

மண்வெட்டியை வைத்துவிட்டு முன்னால் நடந்தார். ஆற்றங்கரையில் ஒரு புன்னை மரத்தடி.

“இங்கனதான். நரி தோண்டிராம முள்ளு போட்டிருக்கேன்.”

மழையில் முள் ஒதுங்கிக் கிடந்தது. அவர் குந்தி உட்கார்ந்து சரிசெய்தார். நானும் உட்கார்ந்து ஒரு கிளையை இழுத்தேன்.

“பாத்து மாமா, குத்தும்” என்றார்.

எனக்கு அது போதும் — இல்லை, போதாது. ஆனாலும் மாமா என்றார்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளையின் பேரை இதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பேர் வைக்கும் முன்னமே போய்விட்டது. எல்லா எழுத்தும் எனக்குத் தெரிகிறது இப்போது.

வருகிற ஞாயிறு பொட்டலுக்குப் போகப்போவதில்லை. இலஞ்சிக்குத்தான். பிள்ளைக்கு என்ன பேர் நினைத்து வைத்திருந்தாள் என்று கேட்டு, வள்ளித்தாய் சொல்லுவதை வந்து எழுத வேண்டும்.