வடக்குப் பாதைக்கு நானூற்றெண்பது லிட்டர்

ஜனவரி 6, திங்கள்

நூறு கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர். மைனஸ் இருபத்தொரு டிகிரியில், பதினோரு வயதான காரில், வீட்டிலிருந்து பணிமனை வரை. வழியில் மூன்று சிக்னல்கள். மூன்றிலும் பிரேக்கைத் தொடவில்லை. சிவப்பைத் தூரத்தில் பார்த்ததும் காலை எடுத்துவிட வேண்டும். கார் தானே உருண்டுபோய்ப் பச்சையைப் பிடிக்கும். பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே என்னை முந்தினான். முந்திப் போய் அடுத்த சிவப்பில் நின்றான். நான் நிற்காமல் அவனைத் தாண்டிப் போனேன்.

இந்த ஊரில் இப்படி ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 8

கார்த் கூப்பிட்டார். எங்கள் வீட்டு மருத்துவச் சேவைக்கு அவர்தான் மேலாளர். ஆறு கார்கள், அவற்றை ஓட்டும் ஆறு பேர்: நர்ஸ்கள், உதவியாளர்கள். கார்களைப் பார்த்துக்கொள்வது நான்.

விஷயம் இதுதான். நிர்வாகக் குழு செலவைக் குறைக்கப் போகிறது. முதல் வெட்டு வியாழக்கிழமை வடக்குப் பாதைக்கு, அதாவது டோவெல் ஏரி வரை போய்வரும் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு. அங்கே ஏழு வீடுகள். பாதை நின்றால் அந்த ஏழு பேரும் வீட்டை விட்டுவிட்டு நகரத்துக்குக் குடிவர வேண்டும்.

"பத்து சதவீதம். போன குளிர்காலத்துல ஆறு காருக்கும் சேத்து ஒன்பது வாரத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு லிட்டர் ஆச்சு. அதே வீடுங்க, அதே ஒன்பது வாரம், நானூத்தி எண்பது லிட்டர் மிச்சம் பிடிச்சுக் காட்டினா பாதை இருக்கும்னு எழுதியே குடுத்துட்டாங்க. முடியுமாடா?"

"பதினஞ்சே முடியும். ஓட்டுறவங்க நான் சொல்றபடி கேட்டா."

"அதான கஷ்டம்," என்றார்.

ஜனவரி 9, வியாழன்

மார்லிஸுடன் வடக்கே போனேன். முப்பது வருட நர்ஸ். ஓட்டுவதைப் பார்த்தால் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கிறது. காலையில் சமையலறை ஜன்னலிலிருந்தே சாவியின் பட்டனை அழுத்தி எஞ்சினைக் கிளப்பிவிடுகிறார். கார் இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே பெட்ரோலைக் குடிக்கிறது. பிறகு ஹைவேயில் 118. சரளைச் சாலைத் திருப்பத்தில் ஒரே மிதி, பிரேக். திரும்பியதும் மறுபடியும் ஒரே மிதி, ஆக்ஸிலரேட்டர். வீட்டு வாசல்களிலும் எஞ்சினை அணைப்பதில்லை. ஒன்றிரண்டு அல்ல, ஏழு வாசல்கள்!

"ஏன் ஓடவிடுறீங்க?"

"பையில டெஸ்டுக்கு எடுத்த ரத்தம் இருக்குல்ல தம்பி. குளிர் ஆகாது."

"கால் மணி நேரத்துல காருக்குள்ள எத்தனை டிகிரி குறையும்னு நான் அளந்திருக்கேன். ஒண்ணும் ஆகாது."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டில் போய்க்கொண்டிருக்கும்போது!

ஜனவரி 13

இன்றிலிருந்து கணக்கு ஆரம்பம். ஆறு பேருக்கும் பாடம் எடுத்தேன். தொண்ணூறுக்கு மேல் போகக் கூடாது. முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். குளிரில் எஞ்சினைக் கரண்டில் சூடேற்றும் ஹீட்டரின் பிளக்கை ராத்திரி முழுக்கச் செருகிவைக்க வேண்டாம், டைமர் போட்டுக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சூடேற்றினால் போதும். காரின் கூரைமேல் பனி சுமந்து போகக் கூடாது. நின்றால் எஞ்சின் அணைய வேண்டும்: எல்லா இடத்திலும், எல்லா நேரமும்.

ஜொடீன் கையைத் தூக்கினாள். உதவியாளர், குளிப்பாட்டுவது, கட்டுப் போடுவது அவள் வேலை. "எஞ்சினியர் சார், மூச்சு விடலாமா? இல்ல அதுக்கும் டைமர் இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எஞ்சினியர் இல்லை, டெக்னாலஜிஸ்ட் என்று திருத்தினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு காரிலும் வேகத்தையும் பெட்ரோலையும் குறித்துவைக்கும் பதிவுக் கருவியைச் செருகிவிட்டேன். அது சிரிக்காது.

ஜனவரி 17

ஆறு காரிலும் டயர் காற்று குறைவு. அக்டோபரில் அடித்த காற்றை ஜனவரிக் குளிர் சுருக்கிவிட்டது. இதைக்கூட ஒருவரும் பார்க்கவில்லையே. என்ன ஜனங்களோ.

(அக்டோபரில் அடித்தது நான்தான். ஜனவரியில் பார்க்க வேண்டியவனும் நான்தான். சரி.)

ஜனவரி 31, வெள்ளி

மூன்று வாரம் முடிந்தது. 11.3 சதவீதம்!

மார்லிஸின் கார் மட்டும் பதினான்கு. நேற்று ஒரு முறைகூட 92-ஐத் தாண்டவில்லை. "பின்னாடி தானிய லாரி வந்து என் டிக்கிய மோந்து பாத்துட்டுப் போகுது தம்பி, மானமே போச்சு," என்றார். ஆனாலும் செய்கிறார். கருவி பொய் சொல்லாது.

கார்த்திடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். படித்தால் போதும், பாராட்ட வேண்டாம் என்று நான் நிற்க, "நல்லா பண்ணியிருக்கடா," என்றார். காது சூடாகிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

மைனஸ் முப்பத்தாறு. வடக்கே காற்று வேறு.

பிப்ரவரி 7

ரத்தம் பனிக்கட்டியாகிவிட்டது.

ஆய்வகத்திலிருந்து காலையில் போன். நேற்று வடக்கே எடுத்த ரத்தம் மூன்று வீட்டுடையதும் குளிரில் கட்டிதட்டி, செல்கள் உடைந்து, பரிசோதனைக்கு ஆகாமல் போய்விட்டது. அதில் எல்டனுடையதும் ஒன்று. ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இந்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அடுத்த வார மாத்திரையை முடிவு செய்வார்கள். மார்லிஸ் இன்று திரும்பப் போனார். இன்னொரு இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். எழுபத்தொன்பது வயதுக் கிழவரின் கையில் இன்னொரு ஊசி.

நடந்தது என்னவென்று மார்லிஸிடம் கேட்டேன். ஏரிக்கரைக் கடைசி வீட்டுக்காரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்திருக்கிறார். தூக்கி உட்காரவைத்து, காயம் பார்த்து, மகளுக்குப் போன் போட்டு வெளியே வர ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரமும் பை காரில். எஞ்சின் அணைந்திருந்தது.

"ஏன் அணைச்சீங்க? முப்பத்தாறு டிகிரியில!" என்று கத்திவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "எல்லா இடத்திலும், எல்லா நேரமும்," என்றார். என் வார்த்தை. என் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

நான் அளந்தது என் காரில், மைனஸ் இருபதில், பதினைந்து நிமிடத்துக்கு. கணக்கு சரிதான், ஆனால் யாரும் குளியலறையில் வழுக்கி விழாத ஊருக்கான கணக்கு. அவர் முன்னாடியே சொன்னார்டா. காதுல வாங்கினியா நீ? வாங்கல. அளந்திருக்கேன்னு பெருமை பேசின.

பிப்ரவரி 8, சனி

கார்த் போன் செய்தார். "நேத்து வெள்ளிக்கிழமைய கணக்குலேருந்து எடுத்துடு. அது வழக்கமான வருகை இல்லையே. இருபத்திரண்டு லிட்டர். எவனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"பாதை போயிடும்டா."

"அது நான் போட்ட விதியால செலவான பெட்ரோல். கணக்குல இருக்கும். காரணமும் எழுதி வைக்கிறேன், என் பேரோட."

வைத்துவிட்டார். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஆறு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன்: தப்பு என்னுடையது, மார்லிஸுடையது இல்லை. பையில் ரத்தம் இருந்தால் எஞ்சின் ஓடலாம். அதனால் எவ்வளவு போனாலும் சரி.

பிறகு ஜொடீன்: "ஓடவே வேணாமே. மீன் பிடிக்கப் போறப்ப பீர் பாட்டில் குளிர்ல உறைஞ்சு வெடிக்காம இருக்க நாங்க ஐஸ் பெட்டிக்குள்ள வைப்போம். கூட ஒரு வெந்நி பாட்டில். ரத்தத்துக்கு அது ஆகாதா?"

ஐஸ் பெட்டி. குளிரை உள்ளே வைக்கிற பெட்டி குளிரை வெளியேயும் வைக்கும். இரண்டாம் வருடப் பாடம் அது. வெப்பக் கடத்தல் தேர்வில் எனக்குத் தொண்ணூற்றாறு மார்க். எனக்குத் தோன்றவில்லை, பீர் குடிப்பவளுக்குத் தோன்றியது.

"வெந்நி கூடாது, வெதுவெதுப்பா இருக்கட்டும். அதிகச் சூடும் ரத்தத்துக்கு ஆகாது," என்றார் மார்லிஸ்.

அதோடு விடவில்லை ஜொடீன். "இன்னொண்ணும் கேக்கணும். வியாழக்கிழமை மார்லிஸ் ஏழு மணிக்கு வடக்க போறாங்க. நான் ஏழரைக்கு அதே வடக்க போறேன். என் பக்கத்து சீட்டுல என் சாப்பாட்டு டப்பா மட்டும் உக்காந்து வருது. உங்க கருவி அத அளக்குமா?"

அளக்காது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் அது சொல்லும். அந்தக் கார் போகவே வேண்டுமா என்று கேட்காது. நானும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கார் என்பது இங்கே ஆளுக்கொரு பல் துலக்கும் பிரஷ் மாதிரி. மாற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

"குளிப்பாட்ட ஒரு மணி நேரம் ஆகும்," என்றார் மார்லிஸ். "நான் ரத்தம் எடுக்க கால் மணி. காத்துக் கிடக்கணுமே?"

"என்னை எல்டன் வீட்ல இறக்கிவிட்டு நீங்க அடுத்த ரெண்டு வீட்ட முடிச்சுட்டு வாங்க."

"கார்ல நீ போடுற பாட்டைக் கேக்க மாட்டேன்."

"உங்க பாட்டைக் கேக்குறதுக்குப் பதிலா நான் டிக்கியிலயே வரேன்."

இது சம்மதம் என்று எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரே கார், இரண்டு பேர், ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானி வைத்து அனுப்பினேன். நாள் முழுக்கப் பதினாறு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

பிப்ரவரி 21

ஆறு வாரம். மொத்தம் 8.1 சதவீதம். போன வருடம் பிப்ரவரி இளகிக் கிடந்தது. இந்த வருடம் கொன்றுபோடுகிறது. மீதி மூன்று வாரமும் கிட்டத்தட்டப் பதினான்கு சதவீதம் வேண்டும்.

ரகசியமாக வைக்கத்தான் நினைத்தேன். பிறகு சுவரில் பெரிதாக எழுதிப் போட்டேன்: 8.1. அவர்களுடைய பாதை, அவர்களுக்குத் தெரியட்டும்.

பிப்ரவரி 24

காலையில் சுவரில் 8.1-க்குக் கீழே யாரோ ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க் கிழக்குப் பாதையில் யார் யாரோடு போவது, புதன் மேற்கில் யார் யாரோடு. என்னைக் கேட்கவில்லை. தப்பு கண்டுபிடிக்க இருபது நிமிடம் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எதிர்க்காற்று. மார்லிஸ் 84-இல் ஓட்டியிருக்கிறார். "காத்து அடிக்கிறப்ப தொண்ணூறு போறவன் முட்டாள் தம்பி," என்று எனக்கே பாடம். சரியாகத்தான் சொன்னார். காற்றோடு மோதுவதற்குத்தான் பாதிப் பெட்ரோல் போகிறது.

மார்ச் 14, வெள்ளி

நாலாயிரத்து முன்னூற்று ஒன்பது.

மூன்று முறை கூட்டினேன். 4,309. மிச்சம் 491 லிட்டர். அந்த வெள்ளிக்கிழமையின் இருபத்திரண்டு லிட்டரும் சேர்ந்துதான். அதை எடுத்துவிட்டு ஜெயித்திருந்தால் இந்த எண்ணை இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

சுவரில் எழுதப் போனேன். ஜொடீன் மார்க்கரைப் பிடுங்கி அவளே எழுதினாள். "எஞ்சினியர் சாருக்கு மூச்சு விட அனுமதி," என்றாள். இந்த முறை நான் திருத்தவில்லை.

மார்லிஸ் தோளில் ஒரு அடி கொடுத்தார். இன்னும் வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

மார்ச் 20

நிர்வாகக் குழு. டயர் காற்று, வேகம், டைமர் என்று பதினொரு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். ஒரு உறுப்பினர் கேட்டார்: "எதனால அதிகமா மிச்சமாச்சு?" உண்மையைச் சொன்னேன். பாதி, ஓட்டும் விதத்தால். மீதிப் பாதி, ஓட்டாமல் நிறுத்திவைத்த கார்களால். அந்த யோசனை என்னுடையது இல்லை, அதோ உட்கார்ந்திருக்கிறார் ஜொடீன் என்று கை காட்டினேன். அதற்கு முன் அவள் முகம் சிவந்து நான் பார்த்ததே இல்லை. இனி கார்களின் தினசரி அட்டவணை அவள் பொறுப்பு.

வடக்குப் பாதை இருக்கும்.

மார்ச் 27, வியாழன்

கார்த் என் மேசைக்கு ஒரு தாளோடு வந்தார். வடக்குப் பாதைக்கு எட்டாவது பெயர். டோவெல் ஏரிக்கு அப்பால் பதினான்கு கிலோமீட்டர், இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண்மணி.

"தாங்குமாடா?" என்று கேட்டார்.

கருவியின் பதிவுகள் திரையில் திறந்துதான் இருந்தன. ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டிருக்கலாம். எழுந்து போய் ஜொடீனிடம் தாளைக் கொடுத்தேன்.

வரைபடத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"அந்தச் சாலையில மதியத்துக்கு மேலதான் பனி வாருவாங்க. காலைல போனா மாட்டிக்குவோம். கடைசி வீடா வச்சா தாங்கும்."

கடைசி வீடாக எழுதிக்கொண்டேன்.