விளக்கத்துக்கு விட்ட இடம்

குரங்கணி
3.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மேலே டவர் கிடைக்காததால் வழக்கம்போல ஜீப்பு முனியசாமி அண்ணனிடம் கொடுத்து விடுகிறேன்.

அப்பா போய் மூணு மாசமாச்சு. ஏலக்காய்த் தோட்டத்தில் உன் பங்கை விட்டுக்கொடுத்து ஒரு கையெழுத்துப் போட்டுவிடு. கட்டிக்கொடுத்த பொண்ணுக்குத் தோட்டம் எதுக்கு? அப்பாவை நீ என்னைக்குப் பார்த்தே? வெரசா பதில் போடு.

தம்பி
ஜெகதீஷ்

போடி
5.6.2025

அன்புத் தம்பிக்கு,

பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளோடு உன் கடிதமும் கிடந்தது. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்துக்கு இரண்டு. கருத்து இருக்கிறது, சான்று இல்லை. அந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்கிற விளக்கமும் இல்லை. சத்தம் போட்டால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறேன்.

அப்பாவோடு அட்டைக்கடி வாங்கிக் காய் எடுத்தவள்டா நான்.

உன் அக்கா
ரேணுகா

குரங்கணி
9.6.2025

டீச்சரம்மாவுக்கு,

இந்தா, நீ கேட்டபடியே.

கருத்து: கடைசி நேரத்தில் அப்பா பக்கத்தில் இல்லாதவளுக்குத் தோட்டத்தில் உரிமை இல்லை.

சான்று: மார்ச் நாலாம் தேதி நீ கொடுத்தனுப்பிய சீட்டு. 'பரீட்சை ஹால் டூட்டி இருக்கு. ஞாயிறு வர்றேன்.' அப்பா வெள்ளிக்கிழமையே போயிட்டார். திங்கட்கிழமையிலிருந்து "ரேணுகாவை வரச்சொல்லு, ரேணுகாவை வரச்சொல்லு"ன்னு ஒரே அனத்தல். உன் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே செத்தார்.

விளக்கம்: பெத்த அப்பனைவிட உனக்கு ஹால் டூட்டி பெரிசு.

இப்ப எத்தனை மார்க்கு போடுவே?

ஜெகதீஷ்

போடி
11.6.2025

ஜெகதீஷுக்கு,

படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். முழு மார்க்கு போட்டேன். கையெழுத்தும் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான், உன்னுடைய எந்தக் கடிதத்துக்குப் பதிலாக அந்தச் சீட்டை எழுதினேன் என்று தேடினேன். பழைய டைரிக்குள் இருந்தது. உன் கைப்பட, அதே மார்ச் நாலு, செவ்வாய்க்கிழமை:

'அக்கா, அப்பாவுக்குச் சும்மா காய்ச்சல்தான். உன்னைத் தேடவே இல்லை. பரீட்சை வேலையை முடிச்சிட்டு மெதுவா வா.'

திங்கட்கிழமையிலிருந்தே அவர் என்னைக் கேட்டதாக இப்போது எழுதுகிறாய். பாவி, ரெண்டும் உன் கையெழுத்து.

நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே விளக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை நீயே எழுதிக்கொள். தோட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பதிலுக்கு நிற்க வேண்டாம் என்று முனியசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

ரேணுகா