உன் சித்தப்பா பாவியான கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் வேறு குடும்பத்தைச் சேர்ந்ததுபோல நடந்துகொள்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, என் பேத்தி எல்லாரும் நலமாயிருக்கக் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு இப்போது எங்கள் சபைக் கூத்தைப் பார்க்கவே நேரம் பத்தவில்லை, அதனால் நீயும் உன் பங்குக்கு உடம்பைப் பார்த்துக்கொள்.

விஷயம் என்னவென்றால் உன் சித்தப்பா பாவியாகிவிட்டார். புதுப் போதகர் வந்ததிலிருந்து புதன்கிழமைதோறும் சாட்சிக் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொருவரும் எழுந்து, எந்தச் சோதனையில் விழுந்தேன், எப்படித் தூக்கி எடுக்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். முடிவெட்டுகிறவர் எழுந்து வாலிபத்தில் சைக்கிள் திருடியதைச் சொன்னார், சபையெல்லாம் மூக்கைச் சிந்தியது, மறுவாரமே அவரைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்ததும் நம்மவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூப்பர் பதவி ஒன்று காலியாக இருக்கிறதே. போன புதன்கிழமை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நான் பெரிய குடிகாரனாக இருந்தேன் என்று ஆரம்பித்தார். இருமல் மருந்து ஒரு மூடி உள்ளே போனாலே உடம்பெல்லாம் தடித்துப் படுத்துவிடுகிற மனுஷன். சாத்தான் தினமும் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனானாம், பாட்டிலுக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டானாம். தான் செய்யாத வேலையையும் தன் தலையில் கட்டினால் அந்தச் சாத்தான் யாரிடம் போய் முறையிடுவான் சொல்லு. உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா, இவர் எப்போ குடிச்சார், நான் எங்கே போயிருந்தேன் என்று என் காதைக் கடித்தாள். போதகரோ ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார், அடுத்த மூப்பர் இவர்தான் என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சொல்வதற்கு அவருக்கு நிஜமான பாவம் இல்லாமலா போயிற்று. இருக்கிறது, ஆனால் அதில் கௌரவம் இல்லை. நீ மறக்கப் பார்ப்பாய், நான் மறக்க மாட்டேன். கோயில் பியானோ மேல் பூச்சாடியை வைத்தவர் அவர். அது சாய்ந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, கட்டைகள் ஊறி உப்பிப்போயின. பழைய போதகர் கேட்டபோது, பியானோ வாசிக்கிற பெண்தான் வைத்தாள், கண்ணால் பார்த்தேன் என்று உன்னைக் கை காட்டினார். அந்த வாரம் முழுக்க நீ காய்ச்சலில் கிடந்தாய், நான்தான் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அதைப் போய்ச் சொன்னதற்கு, பெற்றவள் பிள்ளைக்காகத்தான் பேசுவாள் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். கோயிலில் வாசிக்கிற வேலையை உன்னிடமிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு நீ எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. பேத்தி ஒரு பொம்மைப் பியானோவுக்கு அழுததற்குக்கூட நீ வாங்கித் தரவில்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார்.

போன கடிதத்தில் நீ, சித்தப்பாவை எப்பவோ மன்னிச்சிட்டேன், விடும்மா என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடிக்கடை அம்மாவிடம் போனேன். எனக்கு மூக்குக்கண்ணாடி செய்து தருகிறவள், யூதப் பெண், பேச்சில் எனக்குச் சரியான ஜோடி. அவள் சொன்னாள், எங்களில் அப்படி முடியாது, கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார், ஆளுக்குச் செய்ததை அந்த ஆளிடம் போய்க் கேட்கணும், அதைக் கேட்காமல் வருஷத்துப் பெரிய நோன்பு இருந்தும் பிரயோஜனமில்லை என்று. அதற்காகவே அவள் வருஷாவருஷம் நாத்தனாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்பாளாம், கேட்கும்போதே புதுச் சண்டை வருமாம், அது அடுத்த வருஷத்துக்கு ஆயிற்று என்றாள். சாத்தான் கதையையும் சொன்னேன். கெட்ட ஆசை என்பது வெளியிலிருந்து வருகிற ஆள் இல்லை, உள்ளேயே கூடப் பிறந்தது, அது இல்லாவிட்டால் ஒருத்தன் வீடு கட்ட மாட்டான், கல்யாணம் பண்ண மாட்டான், கடை திறக்க மாட்டான், கடிவாளத்தை நாம்தான் பிடிக்கணும், பிடிக்காமல் விட்டுவிட்டுக் குதிரையைத் திட்டக் கூடாது என்றாள். நம் வேதத்திலும் முதல் மனுஷன் பழத்தைத் தின்றுவிட்டுப் பெண்டாட்டியைத்தானே கை காட்டினான், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்றேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் போதகர், இவரை மூப்பராக்க யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று வழக்கப்படி கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். உன் அப்பா புடவையைப் பிடித்து இழுத்தார், இழுக்கட்டும் என்று விட்டேன். ஐயா, இவர் ஒரு நாளும் குடித்தவர் இல்லை, குடிக்காதே என்று பத்துக் கட்டளையில் தனியாக ஒன்றும் கிடையாது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்று இருக்கிறது, அதை இவர் இரண்டு தரம் மீறியிருக்கிறார், அன்றைக்கு என் மகள் மேல் சொன்னார், இப்போது தன் மேலேயே சொல்கிறார் என்றேன். போதகர் முகம் சிவந்து, அம்மா, கர்த்தர் மன்னித்ததை நாம் கிளறக் கூடாது, கிருபை இலவசம் என்றார். இலவசம்தான், ஆனால் அடிபட்டவள் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது அவளைத் தாண்டிப் போய் வாங்குகிறீர்களே என்றேன். அப்போதுதான் உன் சித்தப்பா வாய் குழறாமல், நல்ல தெளிவாக, அண்ணி, அது சின்ன விஷயம், அந்தப் பூச்சாடியை இன்னுமா தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள் என்றார். நான் பூச்சாடி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, கண்ணு, அவரும் பொய் சொல்லவில்லை என்று மறுக்கவில்லை. உன் சித்தி எழுந்து வெளியே போய்விட்டாள். போதகர் மூப்பர் விஷயத்தைத் தள்ளிவைத்து, முதலில் மகளிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நேற்று உன் போன் நம்பர் கேட்டு வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் உன் நம்பர் இல்லை, பார்த்துக்கொள். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, என்ன சொல்லணும் அண்ணி என்று கேட்டார். குடித்ததை அவ்வளவு அழகாகச் சொன்னீங்களே தம்பி, அதே வாயால் சொல்லுங்கள் என்றேன். ஒத்திகை பார்க்கிறவர் போல, அம்மாடி, நான்தான் வைத்தேன் என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் வரவில்லை. ஒரு சபை முன்னால் பொங்கிப் பொங்கி அழுதவருக்கு ஒற்றைப் பெண்ணிடம் இந்த நாலு வார்த்தை சொல்ல வாய் எழவில்லை. எனக்குச் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. தண்ணீரும் உன் நம்பரும் கொடுத்து, சனிக்கிழமை கூப்பிடுங்கள் என்று அனுப்பினேன்.

ஆகையால் சனிக்கிழமை அவர் கூப்பிடுவார், எடு. பரவாயில்லை சித்தப்பா என்று பாதியிலேயே குறுக்கே விழாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு. முழுசும் சொல்லட்டும், பூச்சாடி, தண்ணீர், கண்ணால் பார்த்தேன் என்ற பொய், எல்லாம் அவர் வாயிலிருந்தே வரட்டும். ஒழுங்காக மன்னிப்புக் கேட்டும் நீ கொடுக்கவில்லை என்றால் பிறகு குற்றம் உன் பக்கம் வந்துவிடும் என்று கண்ணாடிக்கடை அம்மா எச்சரிக்கிறாள். அவரிடம் பேசி முடித்தபிறகு, கடைக்குப் போய்ப் பேத்திக்கு அந்தப் பியானோவை வாங்கு.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காத்து, உங்கள் போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். மறக்காதே, சனிக்கிழமை. அவரை மன்னித்துவிட்டால் உடனே எனக்குச் சொல்லாதே, ஒரு வாரம் கழித்துச் சொல். நீ மன்னித்தது தெரிந்தால் நானும் மன்னித்தாக வேண்டும், எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா