பத்துப் பேருக்கு ஒரு ஊசி

லண்டன்
14.2.1987

அன்புள்ள ரட்ணத்துக்கு,

நலம். நீயும் டோரீனும் நலமா? கிறிஸ்மஸுக்கு இலங்கைக்கு வந்து உன் வீட்டில் தங்கிய பத்து நாளை நினைத்துக்கொண்டுதான் இங்கே ஹோட்டல் சலவை அறையில் துணி மடிக்கிறேன். புருஷனின் பள்ளித்தோழனுக்குச் சமைத்துப் போட்டே டோரீன் களைத்திருப்பாள், பாவம். அவளுக்குத் தெரியாமல் நாம் டிஸ்பென்சரியில் கட்டிக்கொண்டு கிடந்ததற்கு நான் வெட்கப்பட வேண்டும். வெட்கம் வரவில்லை.

நம்மைப் போன்ற ஆண்களுக்கு இங்கே மஞ்சட்காமாலைத் தடுப்பூசி போடுகிறார்கள். அது நம் போன்றவர்களின் இரத்தத்தில் எடுத்த மருந்தாம், போட்டால் எயிட்ஸ் வருமாம். பையன்கள் பயப்படுத்துகிறார்கள். எயிட்ஸ் பரிசோதனைக்கும் என் இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். நீ தேயிலைத் தோட்டத்துக்கே மருந்து கொடுத்து ஊசி போடுகிறவன். நீ சொன்னால் போட்டுக்கொள்கிறேன்.

உன்
றோலண்ட்


நோர்வூட்
9.3.1987

என் அன்பு றோலண்ட்,

போட்டுக்கொள், மடையா. கிருமி சாகும்படி பக்குவம் செய்துதான் மருந்தை அனுப்புவார்கள். கண்டவன் பேச்சைக் கேட்டால் காமாலைதான் மிச்சம்.

இங்கேயும் இதே கூத்துத்தான். போன கிழமை வாந்திபேதி ஊசிக்குக் கூப்பிட்டால் சனம் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தது. "ஐயா மொதல்ல ஒங்க கையில குத்திக் காட்டுங்க, அப்பறம் நாங்க வாறோம்" என்றாள் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. குத்திக்கொண்டேன். அடுத்து டோரீன் கை நீட்டினாள். பிறகு பேச்சியம்மா, அவள் பின்னால் லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுதும். இருப்பதோ ஆறு ஊசி. வழக்கம்போல ஒரு ஊசியில் பத்துப் பேர், பிறகு கொதிதண்ணீர். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். தோட்டத்தை நடத்தும் துரையே கைகுலுக்கினார்!

டோரீன் உன்னை விசாரித்தாள். நானும்தான்.

ரட்ணம்


லண்டன்
2.4.1987

ரட்ணம்,

தடுப்பூசி போட்டுக்கொண்டேன். பரிசோதனை முடிவும் வந்தது. எனக்கு எயிட்ஸ் கிருமி இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு முன்பே இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். சத்தியமாக எனக்குத் தெரியாது. அழுது பார்க்கிறேன், அழுகை வரவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். முதல் கை உன்னுடையது. அதே ஊசியில் இன்னும் ஒன்பது பேர். உடனே கொழும்புக்குப் போய் இரத்தம் பார். டோரீனையும் கூட்டிப் போ. என்னைத் திட்டியாவது பதில் போடு.

றோலண்ட்


நோர்வூட்
21.6.1987

றோலண்ட்,

திட்டத்தான் உட்கார்ந்தேன். எனக்கு இருக்கிறது. டோரீனுக்கு இல்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் பேசியது ஒன்றுதான்: "மத்த எட்டுப் பேருகிட்ட யாருங்க சொல்றது?" அன்றே லிந்துலைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஊசியால் தொற்றியிருக்கும் வாய்ப்புக் குறைவு என்றார் கொழும்பு டாக்டர். ஆனாலும் எட்டுப் பேரின் இரத்தத்தையும் பார்த்தேயாக வேண்டுமாம். டோரீன் இல்லாமல் ஐயா பட்டினி கிடப்பார் என்று பேச்சியம்மா தினமும் அவித்த மரவள்ளி கொண்டுவருகிறாள். தின்கிறேன். ருசி தெரியவில்லை. அந்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி.

நாளைக் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு கலைந்ததும், எட்டுப் பேரையும் டிஸ்பென்சரிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நானே சொல்லப் போகிறேன். யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்லமாட்டேன். உன்மேல் கோபம் இல்லை. வேறு எதுவும் கூட இப்போது இல்லை.

இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே. நாளைக்குப் பிறகு என்னை இந்த வீட்டில் இருக்கவிடமாட்டார்கள்.

யேசுரட்ணம்